எனக்கு மட்டும் அழி

“இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்புங்க. வெளிச்சம் விழல.”

“திரும்பினா வலிக்குது.”

“வலிக்குதுன்னு நீங்க இங்க முனகினா டாக்டருக்குக் கேக்குமா? படத்துல தெரியணும்ல?”

மனசு சார் கட்டிலில் குப்புறப் படுத்துத் தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. எதைப் படம் எடுத்தாலும் ஒளி ஒரு பக்கம், நிழல் ஒரு பக்கம் என்று முறையாக விழ வேண்டும் அவளுக்கு. இப்போது அவள் எடுத்துக்கொண்டிருந்தது ஒரு கட்டியை. அது வந்திருந்த இடம், மனிதன் உட்காருவதற்கென்று கடவுள் கொடுத்த இடம். மூன்றே நாளில் எலுமிச்சம்பழ அளவுக்கு வளர்ந்துவிட்டது. டாக்டர் வெளியூரில் இருந்தார். “படம் எடுத்து அனுப்புங்க, பாத்துட்டு மருந்து சொல்றேன்” என்று சொல்லியிருந்தார்.

“மூணு எடுத்தேன். ரெண்டாவதுதான் நல்லா வந்திருக்கு. ஐயோ பாவம், எப்படிச் சிவந்திருக்கு” என்று சொல்லி மனைவி போனை அவர் கையில் திணித்தாள்.

மூக்குக்கண்ணாடி எட்டாத தூரத்தில் மேஜைமேல் இருந்தது. சற்று முன்புதான் டாக்டரோடு பேசியிருந்ததால் வாட்ஸ்அப் பட்டியலில் முதல் பெயர் அவருடையதாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில் மனசு சார் முதல் பெயரைத் தொட்டார். படத்தைத் தொட்டார். அம்புக்குறியைத் தொட்டார். போய்விட்டது.

எழுந்து நொண்டிக்கொண்டே போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். முதல் பெயர் டாக்டர் இல்லை. இடையில் யாரோ ஒரு செய்தி போட்டதால் வேறொரு பெயர் மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. அந்தப் பெயர் ‘புகார்க் குழு’.

மனசு சார் ஒரு கல்லூரியில் உளவியல் பேராசிரியர். எந்த வகுப்பிலும் எந்த வாக்கியத்தையும் “மனசுன்றது என்னன்னா” என்று ஆரம்பிப்பார். மாணவர்கள் வைத்த பெயர் அப்படியே நிலைத்து, இப்போது முதல்வர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். கல்லூரியில் பெண்களுக்குத் தொல்லை ஏதாவது நேர்ந்தால் விசாரிப்பதற்கென்று ஒரு குழு உண்டு. முதல்வர் அம்மா அதற்குத் தலைவி. மனசு சார், நூலகர் அம்மா, அலுவலக சூப்பரிண்டெண்ட் ஆகிய மூவரும் உறுப்பினர்கள். கூட்டக் குறிப்பு எழுத அலுவலகத்துத் தட்டச்சுப் பெண். இந்த ஐந்து பேருக்குமான வாட்ஸ்அப் குழுவில்தான் காலை ஏழு நாற்பதுக்கு, ஜன்னல் வெளிச்சத்தில், ஒளியும் நிழலுமாக, மனசு சாரின் பின்புறம் போய் உட்கார்ந்திருந்தது.

அந்தக் குழு அப்போது விசாரித்துக்கொண்டிருந்த புகார் எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அலுவலகத்தில் வேலை செய்யும் நான்கு பெண்களின் போனுக்கு ஐந்து மாதமாக முகம் தெரியாத ஒருவன் தன் அந்தரங்கப் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண். பெண்கள் பெயர் போடாமல் புகார் எழுதி, படங்களை அச்செடுத்து, உறையில் போட்டு ஒட்டிப் புகார்ப் பெட்டியில் போட்டிருந்தார்கள். “அந்தப் படங்களை யாரும் பாக்க வேண்டியதில்ல, அது அந்தப் பெண்களுக்கு இன்னொரு அவமானம். எழுத்துல இருக்குற விவரமே போதும்” என்று குழுவில் சொன்னது மனசு சார்தான். உறை பிரிக்கப்படாமலேயே முதல்வரின் அலமாரியில் இருந்தது. ஆள் மட்டும் அகப்படவில்லை.

மனசு சார் மறுபடி போனுக்குத் திரும்பினார். படத்தின்மேல் அழுத்திப் பிடித்தார். ‘எல்லோருக்கும் அழி’ என்று ஒன்று வந்தது, ‘எனக்கு மட்டும் அழி’ என்று ஒன்று வந்தது. வேகமாகத் தொட்டார். படம் மறைந்தது.

“அப்பாடா” என்று சுவரில் சாய்ந்தார். சாய்ந்த இடம் சரியில்லை, துள்ளி நிமிர்ந்தார்.

மனைவி போனை வாங்கிப் பார்த்தாள். “எதைத் தொட்டீங்க?”

“அழிங்கிறதை.”

“எந்த அழி? இது உங்களுக்கு மட்டும்தான் அழிஞ்சிருக்கு. மத்த நாலு பேர் போன்லயும் ஜம்முனு இருக்கும்.”

“சரி, அதைத் திரும்ப எடுத்து எல்லாருக்கும் அழிச்சிடு.”

“எதைத் திரும்ப எடுக்கிறது? ஊர் பூரா இருக்கு, உங்ககிட்ட மட்டும்தான் இல்ல.”

“இப்போ என்ன பண்றது?”

“இதுல என்ன யோசனை? கட்டிக்காக டாக்டருக்கு அனுப்பினது, கை தவறி இங்க வந்துடுச்சுன்னு ரெண்டு வரி போடுங்க.”

“அதைத்தான் போட முடியாது” என்றார் மனசு சார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

ஏன் முடியாது என்றால், போன வெள்ளிக்கிழமைதான் கல்லூரி அரங்கத்தில் ஊழியர்கள் அத்தனை பேரையும் உட்கார வைத்து ஒன்றரை மணி நேரம் பேசியிருந்தார். தலைப்பு, ‘கேட்காத படம்: அனுப்புகிறவன் மனம்’. பேச்சு அமோகமாக அமைந்துவிட்டது.

“மனசுன்றது என்னன்னா, அது ஒரு கண்ணாடி” என்று ஆரம்பித்தார். “இவன் படத்தை அனுப்பிட்டு, வாங்கினவங்க முகம் எப்படி மலரும்னு கற்பனை பண்றான். அந்த முகத்துல ஒட்டி வெச்சிருக்கிறது இவனோட மூஞ்சி. தனக்கு இப்படி ஒரு படம் வந்தா குதிச்சிருப்பான்ல, அதே மாதிரி அவங்களும் குதிப்பாங்கன்னு நெனைக்கிறான். சிலருக்கு இது பண்டமாற்று. நான் ஒண்ணு குடுத்தா நீ ஒண்ணு குடு. சிலருக்கு இது தூண்டில். நூறு பேருக்குப் போட்டா ஒருத்தராவது சிக்க மாட்டாங்களா. இன்னும் சிலருக்கு எதிராளி பயந்தாப் போதும், திட்டினாப் போதும். ஏதோ ஒரு விதத்துல தன்னைப் பாத்துட்டாங்கல்ல. ரோட்டுல கத்துறதுக்குத் தைரியம் இல்லாதவன் போனுக்குள்ள கத்துறான்.”

அதோடு நிறுத்தியிருந்தால் இன்று பிழைத்திருப்பார். கைதட்டல் ஏறிய உற்சாகத்தில் கடைசியாகத் திரையில் ஒரு பட்டியலைக் காட்டினார். பிடிபட்டவன் சொல்லும் நான்கு சாக்குகள். ஒன்று, கை தவறிவிட்டது. இரண்டு, வேறு ஒருவருக்கு அனுப்பியது. மூன்று, டாக்டருக்கு அனுப்பியது. நான்கு, போன் கெட்டுவிட்டது. அந்த மூன்றாவதைச் சொல்வதற்கு முன்னால் வேண்டுமென்றே ஒரு கணம் நிறுத்தி, ஒற்றைப் புருவத்தை உயர்த்தினார். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. முதல் வரிசையில் சூப்பரிண்டெண்ட் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

“அந்தப் புருவத்தைத் தூக்காம இருந்திருக்கலாம்” என்றாள் மனைவி.

வேறு வழி தேட வேண்டியிருந்தது. படத்தை அழிக்க முடியாவிட்டால் புதைக்கலாம் என்று மனசு சாருக்குத் தோன்றியது. காலை வணக்கப் படங்கள் அனுப்பும் ஒரு சித்தப்பா அவருக்கு உண்டு. சித்தப்பா மூன்று வருடமாக அனுப்பியிருந்ததில் பொறுக்கி எடுத்துச் சூரிய உதயம், அருவி, ரோஜாப்பூ, பூனைக்குட்டி, ‘பொறுமையே பெருமை’ என்று வரிசையாகப் பதினேழு படங்களைக் குழுவில் கொட்டினார். கட்டி படம் எங்கோ மேலே போய்விடும், யாரும் தேடிப்போய்ப் பார்க்க மாட்டார்கள்.

ஐந்து மாதமாகக் குழுவில் மாதத்துக்கு இரண்டு செய்தி வந்தால் அதிகம். எனவே பதினேழு முறை மணி அடித்ததும் என்ன ஆயிற்றோ என்று எல்லோரும் போனைத் தூக்கியிருப்பார்கள் என்பது படங்களை அனுப்பி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

நூலகர் அம்மாவின் பதில் வந்தது: “என்ன சார் இன்னிக்கு ஒரே உற்சாகம். இருங்க, ஒண்ணு விடாம மேல இருந்து பாத்துட்டு வர்றேன்.”

மனசு சார் குளிக்காமலே கல்லூரிக்குக் கிளம்பினார்.

நூலகத்தில் நூலகர் அம்மா புத்தகங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். கண்ணாடியின் ஒரு காலுக்குப் பதில் ரப்பர் பேண்டு. போன் பக்கத்தில் இருந்தது. மனசு சார் கதவைப் பிடித்தபடி நின்றார்.

“வாங்க சார். பாத்தேன்.”

மனசு சார் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

“ரொம்ப நல்லா இருந்துச்சு. எங்க வீட்டுக்காரருக்கும் அனுப்பினேன்.”

“அவருக்குமா?”

“பின்ன? அந்தச் சிவப்பு இருக்கே, அது அசல்தானா, இல்ல போன்ல ஏத்தினதா?”

“அசல்தான்மா” என்றார் மனசு சார், தலையைக் குனிந்தபடி.

“வீட்டுல வளர்க்கிறீங்களா?”

“வளர்க்கல. தானா வந்தது.”

“தானா வந்தா இன்னும் நல்லது சார். மேடம் பாத்துக்கிறாங்களா?”

“அவதான் காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை சுடுதண்ணி…”

“ரோஜாவுக்கு யாராவது சுடுதண்ணி ஊத்துவாங்களா?” என்று நூலகர் அம்மா முத்திரையைக் கீழே வைத்தார்.

மனசு சாருக்கு உயிர் திரும்பி வந்தது; ஆனால் பாதிதான். “மேல இருந்ததையும் பாத்துட்டீங்களா?”

“எங்க சார்? அதுக்குள்ள கண்ணாடி கால் உடைஞ்சுபோச்சு. ரோஜா பெருசா இருந்ததால தெரிஞ்சுது. மத்தியானம் ஒட்டி வாங்கிட்டு வந்து உக்காந்து ஒவ்வொண்ணா பாக்கப் போறேன்.”

அதாவது மத்தியானம் வரை கெடு.

அங்கிருந்து நேராக முதல்வர் அறைக்குப் போனார். முதல்வர் அம்மா கணக்குப் பாடம் நடத்தி முன்னுக்கு வந்தவர். சிரிப்பதென்றால்கூட விடை சரிதானா என்று பார்த்துவிட்டுத்தான் சிரிப்பார். அவர் போன் மேஜைமேல் குப்புறக் கிடந்தது. முதல்வர் ஏதோ கோப்பை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினார். மனசு சாரின் கை, அவரைக் கேட்காமலே நீண்டு போனைத் தூக்கிவிட்டது.

“என்ன சார்?”

“மணி பாத்தேன் மேடம்.”

முதல்வர் நிமிர்ந்து, அவர் தலைக்கு நேர் எதிரே தாம்பாளம் அளவுக்கு மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மனசு சாரைப் பார்த்தார். மனசு சார் போனை வைத்தார்.

“நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு” என்றார் முதல்வர். “நாலு மணிக்குக் கூட்டம் போட்டிருக்கேன். அந்தப் படம் விஷயம்தான். இனிமே தள்ளிப் போட முடியாது. ஒரு முடிவு எடுத்தாகணும்.”

“மேடம், அதுக்கு முன்னாடி உங்ககிட்ட தனியா ஒரு வார்த்தை…”

“குழுவுல பேச வேண்டியதைத் தனியா பேசக் கூடாதுன்னு நீங்கதானே சார் விதி எழுதிக் குடுத்தீங்க?”

உண்மைதான். பதினோராவது விதி. அதற்காக அன்று தனக்குத்தானே முதுகில் தட்டிக்கொண்டது மனசு சாருக்கு நினைவு வந்தது.

வாசலில் சூப்பரிண்டெண்ட் எதிர்ப்பட்டார். சாயம் பூசிய மீசை, மடிப்புக் கலையாத சட்டை, மூன்று கதவு தாண்டியும் மணக்கும் சென்ட். சட்டைப் பையில் ஒரு சின்னக் கண்ணாடி எப்போதும் இருக்கும். பேசிக்கொண்டே எடுத்து மீசையைப் பார்த்துக்கொள்வார். புகார் வந்த நாளிலிருந்து அவரைப் போலக் கொதித்தவர் யாரும் இல்லை.

“நாலு மணிக்கு விடக்கூடாது சார். இப்படிப் படம் அனுப்புறவன் எல்லாம் மனுஷனா? வெட்கம் வேணாம்?”

மனசு சார் “வேணும்” என்று மட்டும் சொன்னார்.

இனி ஒரே ஒரு கதவுதான் பாக்கி. வாட்ஸ்அப் குழுவை ஆரம்பித்தது தட்டச்சுப் பெண். மற்றவர்களுக்கு அந்த வித்தை தெரியாததால் அட்மினும் அவள்தான். அட்மின் நினைத்தால் யார் போட்டதையும் எல்லோருக்கும் அழிக்கலாம் என்று வகுப்பில் ஒரு மாணவனிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். அவள் அதிகம் பேசமாட்டாள். கூட்டத்தில் யார் இருமினாலும் குறிப்பில் எழுதிவிடுவாள்.

“ஒரு சின்ன உதவிமா. குழுவுல காலையில ஏழு நாப்பதுக்கு என்கிட்ட இருந்து ஒண்ணு வந்திருக்கும். அதைப் பாக்காம அழிச்சிடணும்.”

“பாக்காம எப்படி சார் அழிக்கிறது?”

“கண்ணை லேசா மூடிக்கிட்டு.”

அவள் தட்டுவதை நிறுத்தினாள். “குழுவுல வர்ற எதையும் உறுப்பினர் கேட்டாருன்னு அழிக்கக் கூடாது, எல்லாம் ஆதாரம்னு விதி இருக்கே சார். பதினாலாவது.”

“அதை எழுதின முட்டாள் யாருன்னு தெரியும்மா. நீங்க அதைப் பாத்தீங்களா, இல்லையா?”

“என் வேலை எழுதுறதுதான் சார்.” அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “நாலு மணிக்கு எப்படியும் பேசப் போறாங்க. அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே எழுந்து, நான்தான் அனுப்பினேன்னு சொல்லிடுங்களேன். மனசு லேசாயிடும்.”

மனசைப் பற்றி இன்னொருவர் தனக்குச் சொல்லும் நிலை வந்துவிட்டதே என்று நொந்துகொண்டார். ஆனால் சொன்னது சரிதான் என்றும் பட்டது. இருபத்தெட்டு வருடத்தில் சேர்த்த பெயர். அவரைக் கண்டால் எழுந்து நிற்கும் பிள்ளைகள். அடுத்த மாதம் அதே கல்லூரியில் வேலைக்குச் சேரவிருந்த மகள். எல்லாவற்றையும் ஒரு தடவை நினைத்துப் பார்த்துவிட்டு, ஆசிரியர் அறையில் நின்றுகொண்டே ராஜினாமாக் கடிதம் எழுதினார். ஐந்து மாதம் அந்தப் பெண்கள் போன் மணி அடிக்கும்போதெல்லாம் எப்படி இருந்திருப்பார்கள் என்று, ஒன்றரை மணி நேரம் பேசியபோது தோன்றாதது, அப்போது தோன்றியது. காலையிலிருந்து அவர் போன் பதினோரு தடவை அடித்திருந்தது. பதினோரு தடவையும் எடுத்துப் பார்க்கத் துணியாமல் கவிழ்த்து வைத்தார்.

நாலு மணி. கூட்ட அறையில் நீள மேஜை, ஐந்து மர நாற்காலி, தலைக்கு மேல் கடகடக்கும் மின்விசிறி. எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஒட்டிய கண்ணாடியோடு நூலகர் அம்மா வந்திருந்தார்.

“உக்காருங்க சார்” என்றார் முதல்வர்.

“நிக்கிறேன் மேடம். நிக்கிறதுதான் முறை.” உட்காரவும் முடியாது என்பதை அவர் சொல்லவில்லை.

“சரி. இன்னிக்கு எதுக்குக் கூடியிருக்கோம்னு எல்லாருக்கும் தெரியும். அந்தப் படம்…”

“மேடம், நானே சொல்லிடறேன். அனுப்பினது நான்தான்.”

தட்டச்சுப் பெண்ணின் பேனா ஓடியது.

“நீங்களா?” என்றார் முதல்வர்.

“நான்தான். கை தவறிடுச்சு, டாக்டருக்கு அனுப்பினதுன்னெல்லாம் சொல்லப் போறதில்ல. அதையெல்லாம் வெள்ளிக்கிழமையே சொல்லிச் சிரிச்சாச்சு. என்ன தண்டனை குடுத்தாலும் ஏத்துக்கறேன்.” கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

நூலகர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். சூப்பரிண்டெண்ட் ஒரு கணம் வாய் பிளந்து பார்த்தார். பிறகு மெல்ல நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் ஒரு குளிர்ச்சி பரவியது.

“என்ன சார் இது, உங்களைப் போய்” என்று பெருமூச்சு விட்டார். “சரி மேடம், படிச்ச மனுஷன். தானா ஒத்துக்கிட்டாரு. இதோட எழுதி முடிச்சிடலாம். பாவம், வயசான காலத்துல இழுத்தடிக்க வேணாம்.”

“இருங்க, நான் இன்னும் முடிக்கல” என்றார் மனசு சார். உள்ளே கட்டியிருந்ததெல்லாம் உடைந்து வந்தது. “அந்தப் படத்தை நெனைச்சாலே எனக்குக் கூசுது. அதைப் பாத்தவங்க மனசு என்ன பாடு பட்டிருக்கும்? அதுல பாக்கறதுக்குத்தான் என்ன இருக்கு? வீங்கிப் போய், கன்னிப் போய், ஒரு லட்சணமும் இல்லாம. பாத்தா பயம்கூட வராது. பரிதாபம்தான் வரும்.”

சூப்பரிண்டெண்ட் நாற்காலியில் நெளிந்தார். “அப்படியெல்லாம் சொல்லாதீங்க சார்.”

“சொல்லணும் சார். என் சம்சாரமே பாத்துட்டு ஐயோ பாவம்னுதான் சொன்னா.”

“வீட்டுல காட்டினீங்களா?” என்றார் முதல்வர், ஈனசுரத்தில்.

“எடுத்ததே அவதான் மேடம்.”

நூலகர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார். இனி எதையும் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தவர் போல.

“நல்ல வெளிச்சத்துலதான் எடுத்தா” என்று மனசு சார் கண்களைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார். “எவ்வளவு வெளிச்சம் அடிச்சு என்ன? இருக்கிறதுதானே தெரியும்?”

“வெளிச்சத்துல என்ன குறையாம்?” என்று சூப்பரிண்டெண்ட் முணுமுணுத்தார். அவர் கை தானாகச் சட்டைப் பைக் கண்ணாடியைத் தொட்டுவிட்டு இறங்கியது.

“குறை வெளிச்சத்துல இல்ல சார், பொருள்ல. அதுக்கு ஒரே வழிதான் இருக்கு. டாக்டர்கிட்ட போய்க் கீறி எடுத்துடணும். வெச்சுக்கிட்டு இருக்கிறதுல பிரயோஜனமே இல்ல.”

சூப்பரிண்டெண்ட் எழுந்து நின்றுவிட்டார். மீசை துடித்தது.

“போதும் சார். ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைப் பேசறதா? வீங்கியிருக்காம், பரிதாபமாம், கீறி எடுக்கணுமாம். நாலு கோணத்துல எடுத்துப் பாத்து, அதுல நல்லா வந்ததை மட்டும் பொறுக்கி அனுப்பினது அது. அதுல என்ன குறையைக் கண்டீங்க? மொதல்ல அது உங்களோடதே இல்லையே.”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

தட்டச்சுப் பெண் அதை ஒரு வார்த்தை விடாமல் எழுதி, கீழே ஒரு கோடு போட்டாள்.

முதல்வர் எழுந்துபோய் அலமாரியைத் திறந்து அந்த உறையை எடுத்து மேஜைமேல் வைத்தார். பசை ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

“இதுல இருக்கிற படங்களை இந்தக் குழுவுல யாரும் பாத்ததில்ல. உறையே பிரிக்கல. நாலு கோணம், நல்லா வந்ததுன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?”

“கை தவறிடுச்சு மேடம்” என்றார் சூப்பரிண்டெண்ட்.

“நாலு பேருக்கும் அஞ்சு மாசமாவா?”

“வேற ஒருத்தருக்கு அனுப்பினது.”

“யாருக்கு?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “டாக்டருக்கு.”

நூலகர் அம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து, முடியாமல், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். முதல்வர், விடை சரிதானா என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, தானும் சிரித்தார்.

அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. சூப்பரிண்டெண்டின் மேஜை இழுப்பறையில் இன்னொரு போனும், ஒரு கட்டு சிம் கார்டும் கிடைத்தன. அவர் எழுதிக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். அன்றே வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார், மறுநாள் காவல் நிலையத்துக்கு உறையும் போனும் போவதாக முடிவாயிற்று. அலுவலகத்தில் அந்தச் செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, ஐந்து மாதமாகப் போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு வேலை செய்த பெண்கள், டீ சொல்லி அனுப்பிவிட்டுச் சத்தமாகப் பேசிச் சிரிக்கும் ஓசை கூட்ட அறை வரை கேட்டது.

முதல்வர், ராஜினாமாக் கடிதத்தை நாலாகக் கிழித்தார்.

“எனக்கு ஒரு நிமிஷம் மூச்சே நின்னுபோச்சு சார். பழியைத் தன் மேலயே போட்டுக்கிட்டு, அவரோட அகம்பாவத்தைக் குத்திக் குத்திப் பேச வெச்சீங்களே. இதுதான் உளவியலா?”

“மேடம், உண்மையைச் சொல்லணும்னா, நான் நிஜமாவே…”

“அடக்கம் போதும் சார். ஆனா ஒண்ணு. சம்சாரம்தான் எடுத்தான்னு சொன்னீங்களே, அது கொஞ்சம் ஜாஸ்தி.”

மனசு சார் தாழ்வாரத்துக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாரம் இறங்கிவிட்டது; ஆனால் ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. அவர் சொன்னதை எல்லோரும் புகாரில் இருந்த படம் என்று எடுத்துக்கொண்டது சரி. அப்படியானால், காலையில் அவர் அனுப்பிய படம்? அதைப் பார்த்த பிறகுமா முதல்வர் இத்தனை மரியாதையாகப் பேசுகிறார்? நூலகர் அம்மா கண்ணாடியை ஒட்டி வாங்கிவந்து ஒவ்வொன்றாகப் பார்த்திருப்பாரே, அவர் ஏன் ஒன்றும் கேட்கவில்லை?

தட்டச்சுப் பெண் குறிப்பேட்டை மார்போடு அணைத்தபடி வந்தாள். இன்னொரு கையில், கல்லூரி மருத்துவ அறையில் இருக்கும், நடுவில் ஓட்டை வைத்த காற்று மெத்தை.

“இதைப் போட்டு உக்காருங்க சார். நாளெல்லாம் நின்னுட்டே இருந்தீங்க.”

மனசு சாருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. “அப்போ நீங்க பாத்துட்டீங்க.” மெத்தையை வாங்கிக்கொண்டார். “மத்தவங்க?”

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

“மத்தவங்க யாரும் பாக்கல சார், வந்த நிமிஷமே நான் அழிச்சிட்டேன்; புகார் குடுத்த அந்த நாலு பேர்ல நானும் ஒருத்தி, ஆள் யாருன்னும் எனக்குத் தெரியும், ஆதாரம்தான் இல்ல, புகார்ல இருந்த படம் தன்னோடதுன்னு வேற யாராவது எழுந்து நின்னா அவருக்குப் பொறுக்காதுன்னு தோணுச்சு, அதான் நாலு மணி வரைக்கும் உங்களைத் தவிக்க விட்டுட்டேன்.”